வராது என்ற தீர்ப்பு

கொஞ்ச நாளாக ஒரு வாக்கியம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் அம்மா சொன்னது. அளவு ஜாக்கெட்டை மேசைமேல் நீவி விரித்து, டேப்பை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்து, மார்புச் சுற்றை நாலால் வகுத்துத் தையலுக்கு ஒன்றரை இஞ்சு கூட்டி, எண்பது சென்டிமீட்டர் துணிக்குள் முதுகும் முன்பக்கமும் இரண்டு கையும் பட்டியும் எந்த மடிப்பில் அடங்கும் என்று மனத்துக்குள்ளேயே ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாக்கை எடுப்பார். பூப்போட்ட துணி என்றால் பூ தலைகீழாகப் போகாமல் திருப்பி வைக்க வேண்டும்; அதுவும் அந்தக் கணக்கில் சேர்த்தி. போட்ட கோட்டை அவர் தட்டி அழித்து நான் பார்த்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "எனக்குக் கணக்கு வராதுங்க" என்றார். வீட்டில் கஷ்டம் என்று சொல்லியிருக்கலாம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லியிருக்கலாம், அவையும் இருந்திருக்கும். ஆனால் அவர் சொன்னது இதை. குரலில் வெட்கமோ வருத்தமோ இல்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்வதைப்போலச் சொன்னார். கை அப்போதும் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தது.

அந்த முடிவுக்கு அவர் தானாக வந்திருக்க முடியாது. எந்தக் குழந்தையும் தன்னைத்தானே அளந்து பார்த்து இப்படியொரு தீர்ப்பை எழுதிக்கொள்வதில்லை. நாலு வயதில் எண்ணுவது ஆசை. படிக்கட்டை எண்ணும், பஸ் ஜன்னலில் ஓடுகிற கம்பங்களை எண்ணும், பதினேழிலிருந்து இருபதுக்குத் தாவும், அதைப் பற்றிக் கவலையே படாது. பத்து வயதுக்குள் அந்த ஆசை போய்விடுகிறது. அது இருந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிற ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. இடையில் என்ன நடந்தது என்று பாடப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. பின்னம் கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடினமானதெல்லாம் அச்சம் தருவதில்லை. அதே வயதில்தான் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட கையோடு மறுபடி சைக்கிளில் ஏறுகிறார்கள். கடினமான ஒன்றின் முன்னால் தடுமாறி நின்ற நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார், அவர் முகம் எப்படிப் போயிற்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடத்தையும் பாடம் நடத்துகிறவரையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆசிரியரின் நெற்றிச் சுருக்கமும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த பார்வையும் வகுத்தல் கணக்கின் படிகளாகவே உள்ளே போகின்றன. நெடுநாள் கழித்து வகுக்கும் முறை மறந்துபோகலாம். அந்தப் பார்வை மறப்பதில்லை.

விடைத்தாள் கொடுக்கிற நாளில் இது கண்ணால் பார்க்கும்படி வெளியே வரும். வெள்ளை நூலால் கட்டிய தாள் கட்டு மேசைமேல் பொத்தென்று விழுகிற சத்தத்திலேயே வகுப்பு அடங்கிவிடும். எல்லோரும் அந்த முடிச்சு அவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில ஆசிரியர்கள் மதிப்பெண் வரிசைப்படி அடுக்கிக்கொண்டு வருவார்கள், மேலிருந்து கீழாக. அடுக்கு மெலிய மெலிய இன்னும் பெயர் வராதவர்களின் உள்ளங்கை ஈரமாகும். சிலர் கீழிருந்து தொடங்குவார்கள். பெயர், மதிப்பெண், கூடவே ஒரு சொல். "சோத்தைத்தானே திங்கிற?" "உங்கப்பாகிட்ட சொல்லி ரெண்டு மாடு வாங்கிக்கோ." வகுப்பு சிரிக்கும், சிரிக்கலாம் என்ற அனுமதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும். தாளை வாங்கிய பையன் முதலில் செய்வது அதை மதிப்பெண் தெரியாமல் மடிப்பது. எந்தக் கணக்கில், எந்த வரியில் கை தவறியது என்று அவன் பார்க்கப்போவதில்லை. அதைப் பார்ப்பதற்காகத்தானே திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமே வந்தது! இரவெல்லாம் உட்கார்ந்து சிவப்பு மையால் சுழித்து, படிக்குப் படி மதிப்பெண் போட்டு, பின்பக்கம் கூட்டிச் சரிபார்த்த உழைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் வீணாகிறது. முதலில் பெயர் வாசிக்கப்பட்ட பெண்ணுக்கும் அன்றைக்கு நல்லது நடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. குறைந்தால் என்ன ஆகும் என்பதை அவளும் அங்கேதான் உட்கார்ந்து பார்க்கிறாள். சென்டம் வாங்கியே பழகிய பிள்ளை தொண்ணூற்றாறுக்கு விம்மி அழுவதைக் கணக்கின்மேல் வைத்த அன்பு என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியரை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்பது நியாயமில்லை என்று எனக்குள்ளேயே ஒரு குரல் மறுக்கிறது. அது சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற எண் முதலில் அழுத்துவது அவர் கழுத்தைத்தான். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் உன் பாடத்தில் எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்விக்கு அவரும் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்; அந்தக் கூட்டத்தில் அவர் முகம் போகிற போக்கும் விடைத்தாள் வாங்கும் பையனின் முகம் போகிற போக்கும் வேறு வேறில்லை. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் காத்திருக்கின்றன. மெல்லக் கற்போர் பட்டியல் தயாரிக்க வேண்டும். அவர்களுக்குத் தனி நோட்டு, மாலையில் தனி வகுப்பு. ஆசிரியருக்கு அந்தப் பட்டியல் வேலைகளில் ஒன்று. அதில் பெயர் ஏறிய பிள்ளைக்கோ, தான் யார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சீட்டு. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழக அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. பட்டியலின் மேல்முனை மூடப்பட்டது. கீழ்முனை இன்னும் வகுப்பறைக்குள் திறந்தே கிடக்கிறது. இதோடு இன்னொன்றும் உண்டு. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ஒருவரே நடத்துவதால், கணக்குக்குப் பயந்து மேல்நிலையில் வேறு பிரிவு எடுத்தவரும் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவர் நல்லவராகவே இருப்பார். தன் அச்சத்தை மறைக்க அவருக்குக் கிடைத்த வழி அவசரம். மளமளவென்று போட்டு முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் வருமுன் கரும்பலகையைத் துடைத்துவிடுவார். கணக்கு புரியாத பிள்ளைக்கும் அந்த அவசரம் புரியும். சாக்பீஸ் தூள் அடங்குவதற்குள் டீச்சருக்கும் இது பிடிக்கவில்லை என்ற செய்தி கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

அடியைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 320இல் ஒரு பங்கான முந்திரியில் தொடங்கி, அரைக்காணி, காணி, மா, வீசம், அரைக்கால் என்று எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் மனத்தில் இருத்திக்கொண்டார்கள். களத்துமேட்டிலும் சந்தையிலும் அப்படியே கைகொடுத்த கணக்கு அது. கைகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டமும் அதே திண்ணையில்தான் இருந்தது. அந்தக் காலத்தைப் புகழ்கிறவர்கள், கயிறு இருந்ததால்தான் கணக்கு ஏறியது என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அடிவாங்கி ஆளானவர்கள் பேச மிஞ்சியிருக்கிறார்கள். அடிக்குப் பயந்து ஓடிப்போனவர்கள் மாடு மேய்க்கவும் டீக்கடையில் கிளாஸ் கழுவவும் போனார்கள், அவர்களை யாரும் மேடைக்கு அழைத்துக் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், அடிப்பதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுத்தது. பிரம்பு குறைந்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். சட்டத்தின் இரண்டாவது பாதியை யார் எப்படி அளப்பது? இரா. நடராசனின் 'ஆயிஷா' ஆசிரியர் கூட்டங்களில் இன்றும் பேசப்படுகிற கதை. கேள்வி கேட்டுக் கேட்டு அடிவாங்கும் சிறுமி, அடி வலிக்காதிருக்க, மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். அந்தக் கதையில் எனக்கு ஆறாதது அவள் வாங்கிய அடி இல்லை. அறிவியல்மேல் அத்தனை ஆசை வைத்திருந்த பிள்ளை கடைசியாகச் செய்த சோதனை, பள்ளிக்கூடத்தைத் தாங்கிக்கொள்வதற்கான சோதனை. பிரம்பில்லாத வகுப்புகளிலும் பிள்ளைகள் அந்த மருந்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில் தெரிந்தாலும் வாய் திறக்காமலிருப்பது அப்படிப்பட்ட மருந்து. திட்டு விழுமுன் தானே சிரித்துவிடுவதும் அப்படித்தான். எனக்கு வராது என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் வீரியமானது. சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எழுப்பி நிறுத்த மாட்டார்கள். அந்த ஜாக்கெட் தைக்கும் அம்மா எந்த வகுப்பில் அதைப் போட்டுக்கொண்டாரோ.

அன்பாக நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை முடித்துவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்னை அப்படி முடிக்க விடுவதில்லை. 1871இல், பதினேழாம் வயது நடக்கும்போது, தமிழ் படிக்கும் தாகத்தோடு அவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். வருகிறவர்கள் கொஞ்ச காலம் படித்துவிட்டுப் பாதியில் போய்விடுகிறார்கள் என்ற மனக்குறை பிள்ளைக்கு இருந்தது. ஆசிரியர் மாணவரின் மனத்தைச் செய்வதைப்போல, போய்விட்ட மாணவர்களும் அவர் மனத்தில் ஏதோ செய்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அவருக்கு மரம் செடிகள்மேல் தீராத பிரியம். வீட்டுத் தோட்டத்தில் வைத்த மரங்கள் புதிதாகத் தளிர் விட்டிருக்கின்றனவா என்று காலையில் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்துக்கொண்ட பையன் அவருக்கு முன்னால் எழுந்துபோய், எங்கெங்கே தளிர் அரும்பியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவான். அவர் மனம் குளிரும். பாடம் அந்தக் குளிர்ச்சியோடு தொடங்கும். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி இது. அந்தப் பையன் கெட்டிக்காரத்தனமாகக் காரியம் சாதித்துக்கொண்டான் என்று இதைப் படிக்கலாம்தான். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பெரியவர் ஒருவர் ஒரு சின்ன இலையை எவ்வளவு ஆவலோடு பார்க்கிறார் என்பதை அவன் தினமும் அருகிலிருந்து கண்டான். பிறகு அதே கண்கள் ஏட்டின்மேல் திரும்புவதையும் கண்டான். பிள்ளை புராணச் செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே போக, ஓலையில் எழுதிக்கொண்டே வருவார்கள். செய்யுள் பிறக்கிற இடத்தில் மாணவன் உட்கார்ந்திருந்தான். தமிழின்மேல் ஆசை வை என்று அவனுக்கு யாரும் உபதேசித்திருக்கத் தேவையில்லை.

அதே மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். சாமிநாதையர் பிறந்தது சங்கீதம் பழகிய குடும்பம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையர் அவர்களுக்கு உறவு. ஊரிலேயே பாரதியார் இருக்கப் பையன் அவரிடம் போய் இசை கற்றுக்கொள்ளத் தொடங்கினான். பிள்ளைக்கு அது தெரியவந்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் முழுமையாக ஊன்றாது என்பது அவருடைய எண்ணம். அவர் அதட்டவில்லை, தண்டிக்கவில்லை. தன் எண்ணத்தைச் சொன்னார், அவ்வளவுதான். பையன் இசைப் பாடத்தை விட்டுவிட்டான். இங்கேதான் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். வெறுக்கும் ஆசிரியர் ஒரு கதவைச் சாத்தினால் சில பிள்ளைகள் வீம்புக்காவது அதை உதைத்துத் திறப்பார்கள். நேசிக்கும் ஆசிரியர் சாத்தினால் அந்தக் கதவு சாத்தியிருப்பதே தெரியாது. அவர் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் தங்களுக்குள் இருக்கும் எதையெதையோ கைவிடுகிறார்கள். அந்த ஒருமுனைப்பு இல்லாதிருந்தால் சாமிநாதையர் அந்த அளவுக்குத் தமிழில் ஊன்றியிருப்பாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஆசை போய்விடவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். முதிர்ந்த வயதில் அவர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்று மூன்று சங்கீதக்காரர்களின் வாழ்க்கையை உட்கார்ந்து எழுதினார்.

இன்னொரு மனிதர் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறார். பிள்ளை 1876இல் காலமானார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவையெல்லாம் படித்து என்ன பயன், இவற்றுக்கு மூலமான சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிற மாதிரி கேட்டுவிட்டார். அத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரே கேள்வியில் ஒதுக்கிவைத்த பேச்சு. சாமிநாதையருக்கு உள்ளூர வலித்தது. விடைத்தாள் கொடுக்கும் நாளின் சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வலித்தவர் மறுபடி அதே வீட்டுக்குப் போனார், சிந்தாமணியை வாங்கிவந்தார், பாடம் சொன்னார், ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு 1887இல் அச்சிட்டு வெளியிட்டார். கடுமையும் நல்லதுதான் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். என் கருத்து வேறு. அந்தக் கேள்வி இருபத்தைந்து வயதில், தான் தமிழுக்கு உரியவன் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாத ஒருவர்மேல் வந்து விழுந்தது. அந்த உறுதியைத் தந்தவை மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பிள்ளையோடு கழிந்த நாள்கள். முதலியார் கேட்டதில், உனக்கு வராது என்ற தீர்ப்பும் இல்லை. நீ படிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்பதுதான் இருந்தது. அதே கடுமை முதல் வகுப்பில், பலகையைக் கையில் பிடிக்கத் தெரியாத வயதில் வந்து விழுந்திருந்தால் வலி வலியாகவே தங்கியிருக்கும். மீனாட்சிசுந்தரம் பிள்ளைகளைச் சந்திக்காமலே இராமசுவாமி முதலியார்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறவர்கள்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பள்ளியில் விழுந்த சொல்லை இரவுச் சாப்பாட்டின்போது அக்காவோ தாத்தாவோ எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள்: "உங்க மிஸ்ஸுக்கு ஏதோ கோபம், நீ கொண்டா நோட்டை." தலைமுறையில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அப்படி மறுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாயும் தகப்பனும் கைகட்டி நிற்பார்கள். சாதிப் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கெல்லாம் எதுக்கு இது என்று கேட்கிற குரலும் அந்தப் பிள்ளையின் மேல்தான் விழுகிறது. சொல்லின் எடை எல்லோருக்கும் ஒன்றில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருந்தது. ஆசிரியர் தரையில் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் தோள் உயரத்துக்கு இறங்கியது. கற்றல் ஏணிப்படியில் தன் பாட அட்டையைத் தானே தேடி எடுத்த பிள்ளை தான் முந்தியா பிந்தியா என்று பார்க்க வேண்டியதில்லை. செய்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடும். அட்டைகள் கிழிந்தன, ஒரே ஆசிரியர் அத்தனை பிள்ளைகளையும் கவனிக்க முடியாமல் திணறினார், விளையாட்டுத்தானே நடக்கிறது என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். அந்தக் குறைகள் உண்மையானவை. அதற்குப் பிறகு வேறு முறைகள் வந்தன, இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. இனியும் வரும். எந்த முறை வந்தாலும் அட்டையைத் தப்பாக எடுத்த பிள்ளையை ஆசிரியர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதைக் கையேட்டில் எழுதி அனுப்ப வழியில்லை.

அதனால் ஆசிரியர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இருக்கும் நெருக்கடி தெரிந்துதான் கேட்கிறேன். அடுத்தமுறை விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிக்காதீர்கள். தாளை மடித்து அவரவர் கையில் கொடுங்கள், வரிசைப்படி அடுக்காதீர்கள். முடிந்தால் தவறிய ஒரு கணக்கை மட்டும் எல்லோருமாகச் சேர்ந்து, அது யாருடையது என்று சொல்லாமல், கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். கணக்கோ இங்கிலீஷோ பாட்டோ, உனக்கு வராது என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள், அக்கறையாகக்கூட.